முகம் தெரிகிற படம்

ஜனவரி 4, ஞாயிறு

கல்யாணம் இல்லாத மார்கழியில் கல்யாண போட்டோகிராபர் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரிக்குத்தான் தொல்லை. "எங்கனா வெளிய போயிட்டு வாங்களேன். ஷெல்ஃப அடுக்கறன்னு ஒக்காந்து எல்லாத்தியும் கலைக்காதீங்க" என்று சுகந்தி நேற்று விரட்டினாள். அதனால்தான் கொண்டைப்பாறைக்குப் போனேன். இந்த டைரியும் அதனால்தான். நகைக்கடையில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம், எமகண்டம் அச்சடித்திருக்கிறார்கள். நான் இதில் வெளிச்சத்தைக் குறித்துவைக்கப் போகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். பாறையின் ஒரு பக்கம் கத்தி முனை மாதிரி விளிம்பு மேலேறிப் போகிறது. ஊர்க்காரர்கள் அதை மூக்கு என்கிறார்கள். விடிந்து சற்று நேரத்தில் அதில் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால் வந்ததும் இருவரும் கரிக்கோட்டில் வரைந்த உருவங்கள் ஆகிவிட்டார்கள். கை, கால், மேலே இருந்த பெண்ணின் பின்னல், அவள் இடுப்பிலிருந்து இறங்கும் கயிறு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. முகம் மட்டும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாகப் பவுடர் பூசிய முகங்களையே எடுத்து அலுத்துவிட்டது. முகமே இல்லாமல் ஒரு படம் எடுக்க வேண்டும். பார்த்தவன் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நாற்பத்தேழு வயதில் இந்த ஆசை கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் ஆசை வந்துவிட்டது.

அவர்கள் இறங்கி வரும்வரை காத்திருந்து பேசினேன். பெண் பெயர் தமயந்தி, இருபத்து நான்கு வயது, ஸ்கேன் சென்டரில் வேலை. கூட வந்தவன் சகாயம், தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் வருகிறார்களாம். படம் எடுக்கலாமா என்றேன். "தாராளமா எடுங்கண்ணா. ஆனா எங்கள நிக்க வெச்சு சிரிக்க சொல்லாதீங்க" என்றாள் தமயந்தி.

ஜனவரி 6, செவ்வாய்

7.08க்குப் பாறைக்கு மேலே சூரியன். மூக்குக்கு வலது பக்கம் ஒரு விரல்கடை தள்ளி வருகிறது. தினமும் இம்மி இம்மியாக இடது பக்கம் நகரும். பொங்கலை ஒட்டி நேர் பின்னால் வந்துவிடும்.

ஜனவரி 11, ஞாயிறு

நான் நிற்பது மூக்குக்கு எதிரே உள்ள பாறையில். ஓர் ஆள் நிற்கத்தான் அங்கே இடம். ஸ்டாண்டை வைத்துவிட்டால் திரும்பக்கூட முடியாது. நடுவில் பள்ளம், நூறடிக்கு மேல் இருக்கும். கத்தினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

அவர்கள் ஏறும் முறையை இன்றுதான் புரிந்துகொண்டேன். மூக்கின் பாதி உயரத்தில் ஒரு கல் மேடை. சகாயம் அங்கே உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பான். தமயந்தி அங்கிருந்து நுனி வரை ஏறுவாள். வழியில் பாறையில் இவர்களே அடித்த போல்ட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கியைப் போட்டுக் கயிற்றை மாட்டிக்கொண்டே போகிறாள். கை வழுக்கினால் கடைசிக் கொக்கி அவளைத் தாங்கும். எவ்வளவு கீழே போய் நிற்பாள் என்பது சகாயம் எவ்வளவு கயிறு விட்டிருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

எனக்குப் பிரச்சினை சகாயம். மேடையில் அவன் உட்கார்ந்தால் படத்தின் அடியில் அரிசி மூட்டை வைத்த மாதிரி ஒரு மேடு தெரிகிறது. அவன் மேல் கோபப்படவும் முடியாது. இறங்கி வந்ததும் மெதுவாகச் சொன்னேன்.

"மாஸ்டர், மேடையில ஒரு பெரிய கல்லு இருக்குதே, அது பின்னால உக்காந்துக்கிட்டா நல்லாருக்கும்."

"அங்க உக்காந்தா இவ எனக்குத் தெரிய மாட்டாங்ணா."

"நான் தெரிவேனில்ல?"

"நீங்க தெரிவீங்க. ஆனா இவ தெரியணுமே."

தமயந்திதான் வழி சொன்னாள். அவள் அப்பா திம்மராயன் கல் குவாரியில் வேலை பார்க்கிறார். கயிற்றில் தொங்கி, பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் கற்களைக் கடப்பாரையால் தள்ளும் வேலை. மேலே கயிறு பிடிப்பவர்களுக்குத் தொங்குகிறவர் தெரியமாட்டார். அதனால் எதிரே ஓர் ஆள் நிற்பாராம். தொங்குகிறவர் இவரைப் பார்த்துச் சைகை காட்டுவார். இவர் அதையே மேலே காட்டுவார்.

"அவருக்கு சைகைக்காரர்னு பேரு. இனிமே எங்களுக்கு நீங்கதாண்ணா சைகைக்காரர்" என்றாள். சைகை மூன்று. கையைப் பக்கவாட்டில் நீட்டி ஆட்டினால் கயிறு விடு. முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கினால் கயிறு இழு. இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்தால் நிறுத்து. மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி செய்தேன்.

"ரெண்டு வேலையும் ஒண்ணா முடியுமாண்ணா? படமும் எடுக்கணும், இதையும் பாக்கணும்" என்று சகாயம் கேட்டான்.

"கல்யாண மண்டபத்துல இருபத்திரண்டு வருஷமா இதத்தான பண்றன். ஒரு கையில கேமரா, ஒரு கையில கூட்டத்த தள்ளறது" என்றேன். தமயந்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கலகலப்பு இல்லாத ஆள்.

ஜனவரி 14, புதன்

போகி. சுகந்தி பழைய நெகடிவ்களைத் தூக்கிப் போடட்டுமா என்றாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

லென்ஸ் துடைத்தேன். பேட்டரி இரண்டும் சார்ஜ்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்குவதற்குள் வந்துவிட்டேன், ஆனாலும் திட்டு.

சூரியன் கிட்டத்தட்ட நேரே வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள், பொங்கல் லீவு என்பதால் அன்றும் ஏறுகிறோம் என்றார்கள். சகாயம் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓர் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தான், படத்தின் அடி சுத்தமாக இருக்கிறது. சைகை வேலையும் சிக்கலில்லாமல் நடந்தது. அவள் கை நீட்டினாள், நான் நீட்டினேன், அவன் விட்டான். அவள் முஷ்டி தூக்கினாள், நான் தூக்கினேன், அவன் இழுத்தான். இதில் என்ன கஷ்டம் என்று தெரியவில்லை.

கயிறுதான் உறுத்துகிறது. இறுக்கமாக இருப்பதால் வட்டமான சூரியனைக் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி அறுக்கிறது. கொஞ்சம் வளைந்து தொங்கினால் எவ்வளவு அழகாக இருக்கும். சொல்லிப் பார்த்தேன்.

"தொங்கற கயிறு எங்களுக்கு அழகில்லண்ணா" என்றாள் தமயந்தி.

"அவ கேட்டாதான் விடுவேன்" என்றான் சகாயம்.

ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை வடிவாக இருக்கும் என்றேன். அதற்கும் முடியாது என்றாள். இரண்டும் பிடிவாதக் கழுதைகள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது இவர்களை.

ஜனவரி 17, சனி

7.06. 300 லென்ஸ். f/11, 1/2000. நாற்பத்தொரு படங்கள்.

தமயந்தி விழுந்துவிட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. என் காரில்தான். மேடையின் விளிம்பில் இடுப்பும் முதுகும் அடித்திருக்கிறது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட் இருந்தது.

சகாயத்தின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து தொங்கின. அவன் பிடித்துவிட்டான். கயிற்றை விட்டுவிடவில்லை. ஆனால் கயிறு நீளமாக இருந்தது, அதனால் அது இறுகுவதற்குள் மேடை வந்துவிட்டது. இதை அவனே டாக்டரிடம் சொன்னான். "கயிறு அதிகமா விட்டுட்டேன் சார்." நான் பக்கத்தில் நின்றேன்.

கார் சீட்டை சுகந்தி கழுவினாள். நான் கழுவுகிறேன் என்றேன், கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ஸ்டேஷனில் வாக்குமூலம். எஸ்.ஐ. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எங்கே நின்றீர்கள்? எதிர்ப்பாறையில். என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கயிறு எப்படித் தளர்ந்தது, பார்த்தீர்களா? கயிறு பிடித்தவர் கை எனக்குத் தெரியவில்லை சார், அவர் கல்லுக்குப் பின்னால் இருந்தார்.

நான் சொன்ன எதுவும் பொய் இல்லை.

கவனக்குறைவால் மரணம் என்று சகாயம் மேல் வழக்கு. பள்ளியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை நம்பி எப்படி இவரிடம் விடுவது என்று பெற்றோர்கள் கேட்டார்களாம்.

ஜனவரி 22, வியாழன்

தூக்கத்தில் கையை ஆட்டுகிறேனாம். காலையில் சுகந்தி சொன்னாள். "இப்டி பக்கத்துல நீட்டி நீட்டி ஆட்டறீங்க. கொசுவா?" என்று செய்து காட்டினாள். கொசுதான் என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பாறை ஏறுகிறவர்கள் சங்கம் ஒன்று ஓசூரில் இருக்கிறது. அவர்கள் போன் செய்தார்கள். அஞ்சலி பேனருக்கு ஒரு படம் வேண்டும். அன்று எடுத்ததில் இருபத்து மூன்றாவதை அனுப்பினேன். அதுதான் இருப்பதில் சிறந்தது. சூரியன் முழு வட்டமாக அவளுக்குப் பின்னால். பின்னல் காற்றில் பறக்கிறது. கயிறு அழகாக வளைந்து தொங்குகிறது. அவள் வலது முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள்.

நான் எதிர்பார்த்த படம். அதைவிட நல்ல படம் இந்த ஜென்மத்தில் எனக்கு வராது.

சாயங்காலம் பார்த்தால் எல்லோருடைய போனிலும் அதுதான். அடியில் 'வெற்றி' என்று யாரோ எழுதிவிட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர். போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நான் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் கேட்பார்கள்.

வீடு குவாரிக்குப் போகும் மண்சாலையில் இருக்கிறது. சகாயம் தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான், கையில் கட்டோடு. உள்ளே வரவிடவில்லை. வந்த சனம் அவனைப் பார்த்துக் காறித் துப்பாத குறைதான். நான் தலையசைத்தேன். அவனும் அசைத்தான்.

திம்மராயன் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். எம்மவள தன் கார்ல தூக்கிட்டுப் போன புண்ணியவான் என்று எல்லோரிடமும் சொன்னார். ஒல்லியான மனிதர், கல் துகள் படிந்து புருவம்கூட வெளுத்திருக்கிறது. சுவரில் மாலை போட்டிருந்தது சங்கத்துக்காரர்கள் கொடுத்த அதே படம்.

"எல்லாரும் வெற்றிங்கறாங்க" என்று அந்தப் படத்தைக் காட்டினார். "வெற்றியாவது மண்ணாவது. இருபத்தஞ்சு வருசம் கயித்துல தொங்கனவன் நானு. எனக்குத் தெரியாதா? கயிறு எவ்ளோ தொங்குது பாருங்க. எம்மவ முஷ்டி தூக்கி, இழுன்னு கேக்கறா. கேட்டும் அந்தப் பாவி இழுக்கல."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் எங்க ஊட்டுல சாப்புட்டவங்க. இவ கை தூக்கறத பாத்துட்டே உக்காந்திருந்தானே, எப்டிங்க மனசு வந்துச்சு?"

அவன் பார்க்கவில்லை, அவன் இருந்த இடத்திலிருந்து அவள் தெரியமாட்டாள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் அங்கே உட்கார்ந்தான் என்று அடுத்த கேள்வி வரும். அதனால் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "ஒரு உதவிங்க. இதுல மூஞ்சியே இல்ல. மாலை போட்டுக் கும்புடறது நிழலாப் போச்சு. ஊட்டுல இருக்கறது எல்லாம் ஆதார் கார்டு சைசு. நீங்க அவ்ளோ படம் எடுத்தீங்களே, மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு குடுங்க."

தருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் தமயந்தியை அறுநூற்றுப் பதினேழு படம் எடுத்திருக்கிறேன். ஒன்றில்கூட முகம் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

தை முகூர்த்தம். வேலை செய்தால் மனது கொஞ்சம் நகரும் என்று போனேன்.

கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியை எடுத்து மணப்பெண் கழுத்துக்குக் கொண்டுபோனார். இந்த இடத்தில் எப்போதும் "அப்டியே! அப்டியே நில்லுங்க!" என்று சொல்வேன். ஐயர் உட்பட அத்தனை பேரும் நிற்பார்கள். மாப்பிள்ளை கையைத் தூக்கியபடி கேமராவைப் பார்ப்பார். நான் நாலு படம் எடுத்துவிட்டு, சரி, கட்டுங்க என்று சொன்ன பிறகுதான் தாலி கழுத்தில் ஏறும். இருபத்திரண்டு வருடமாக எவரும் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை.

இன்று சொன்னேன். மாப்பிள்ளை நின்றார். தூக்கிய கையோடு என்னையே பார்த்தார். என் விரல் அமுக்கவில்லை. மேளக்காரர் மூச்சு வாங்கினார், பெண்ணின் அப்பா "போட்டோகிராபர்!" என்று கத்தினார். கட்டுங்க, கட்டுங்க என்று நானும் கத்தினேன். தாலி கட்டும் படம் இல்லாத கல்யாணம் ஆகிவிட்டது. நாளை வந்து சண்டை போடுவார்கள். போடட்டும்.

பாறையிலும் அன்று அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்டியே நில்லும்மா என்று. காற்றில் கேட்டிருக்காது.

பிப்ரவரி 7, சனி

நிழலுருவத்தில் முகம் இல்லை என்று சொல்வது சரியில்லை. இருக்கிறது, கறுப்புக்குள் அமுங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் வெளுக்கவைக்கலாம். புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் தெரியும்.

மதியம் சுகந்தி அவள் தங்கை வீட்டுக்குப் போன பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்தேன். முதலில் கன்னம் வந்தது. பிறகு மூக்கு, ஹெல்மெட் வார், நெற்றியில் ஒட்டிய முடி. பிறகு கண்.

முஷ்டியைத் தூக்கிய படங்கள் பத்தொன்பதிலிருந்து முப்பத்து நான்கு வரை, மொத்தம் பதினாறு. கேமரா நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறது. எட்டு வினாடி. எட்டு வினாடி ஒரு கையில் தொங்கிக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பதினாறிலும் அவள் கீழே பார்க்கவில்லை, மேலே பார்க்கவில்லை, கயிற்றைப் பார்க்கவில்லை. நேராக லென்ஸைப் பார்க்கிறாள்.

முதல் படங்களில் முகம் சாதாரணமாக இருக்கிறது. சொன்னால் நடந்துவிடும் என்ற முகம். முப்பதுக்குப் பிறகு வாய் திறந்திருக்கிறது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அண்ணா என்று கூப்பிட்டால் வாய் அப்படித்தான் திறக்கும்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஸ்டூடியோ வாசலில் நின்றேன். எதிர்க்கடை டெய்லர் "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆல்பத்தில் மூடிய கண்ணைத் திறந்துவைப்பது எங்களுக்குத் தினசரி வேலை. வேறெங்கோ பார்க்கும் மாமனாரைக் கேமராவைப் பார்க்கவைப்போம். ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

இருபத்தொன்றாம் படத்தில் முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். கண்மணியைக் கீழே இறக்கினேன், மேடையைப் பார்ப்பது போல. நன்றாக வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிரிண்ட் போட்டேன்.

திருத்தாததையும் ஒன்று போட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

சகாயம் ஸ்டூடியோவுக்கு வந்தான். கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டது, உள்ளங்கை வெந்த தோல் மாதிரி சிவந்திருக்கிறது. உட்காரச் சொன்னேன், நின்றான். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறானாம்.

"எதுக்கு மாஸ்டர்? வக்கீல வெச்சுப் பேசலாமே."

"கயிறு எங்கையில இருந்துச்சுண்ணா. புடிக்கறவன் ஏறறவங்க தெரியாத எடத்துல உக்காரக் கூடாது. நீங்க சொன்னீங்கன்னு நான் உக்காந்தேன் பாருங்க, அங்கியே தப்பு ஆயிடுச்சு."

என் பெயரை ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். "நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

மேஜை மேல் கிடந்த லென்ஸ் துணியை எடுத்து மடித்தேன்.

"அவங்கப்பா சொல்றதெல்லாம் எனக்கும் தெரியும். பேனர பாத்தன்னைக்கே புரிஞ்சிடுச்சு, அவ இழுன்னு காட்டிருக்கறா, எனக்கு வந்து சேரல. அதக் கேக்க வரல. வேற ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க கைய நீட்டி ரெண்டு தடவ ஆட்டினீங்க. நான் விட்டேன். அவ கயிறு கேட்டாளாண்ணா?"

ஞாபகமில்லை என்றேன்.

அவன், "சரிங்ணா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். செருப்பைக்கூட அமைதியாகப் போட்டுக்கொண்டான். வைது அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாபகம் இருக்கிறது. அவள் கேட்கவில்லை. கயிறு சூரியனை அறுத்துக்கொண்டு நின்றது. வட்டம் இன்னும் ஒரு நிமிடத்தில் மூக்கை விட்டு விலகிவிடும். நான்தான் கையை நீட்டி ஆட்டினேன். கயிறு வளைந்தது. அழகாக இருந்தது. கயிறு தளர்ந்ததை உணர்ந்து அவள் என்னைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினாள். சைகை என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கண்ணுக்கு அது போஸ். என்ன ஒரு போஸ் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் பதினாறு முறை அமுக்கினேன்.

இதை எழுதி முடிக்க இருபத்தைந்து நாள் ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் திம்மராயன் வீட்டுக்குப் போனேன். பையில் இரண்டு பிரிண்ட். ஒரே முகம். ஒன்றில் கண் கீழே, ஒன்றில் கண் நேரே. எதைக் கொடுப்பது என்று வண்டியை நிறுத்தும்வரை முடிவு செய்யவில்லை என்று எழுதலாம். உண்மை அதுவல்ல, கீழே பார்ப்பதைத்தான் மேலே எடுத்து வைத்திருந்தேன்.

அவர் குளித்து வேட்டி கட்டிக் காத்திருந்தார். படம் வருகிறது என்று போனில் சொல்லியிருந்தேன். சுவரில் ஆணிக்கு அளவு பார்த்துப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். கையைத் துண்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு நீட்டினார். துடைத்துத் துடைத்து நீட்டிய அந்தக் கையில் பொய்யை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடியில் இருந்ததை உருவிக் கொடுத்தேன்.

கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினார். "எம்மவதான். அப்டியே பாக்கறா" என்றார். கண்ணீர் படத்தின் மேல் விழுந்ததும் பதறிக்கொண்டு துண்டால் ஒற்றினார். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். சுவரில் மாலையோடு இருந்த கறுப்புப் படத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"இது அப்ப எடுத்ததுங்களா? கை தூக்கறப்ப?"

"ஆமாங்க."

"கயித்துப் பக்கம் பாக்கலியே இவ." என்னிடம் திரும்பினார். "யாரப் பாக்கறா?"

தொங்குகிறவன் யாரைப் பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார், நான் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று.

"என்னைங்க."

"நீங்க எங்க நின்னீங்க?"

"எதிர்ப்பாறையில. சகாயத்த கல்லு பின்னால உக்காரச் சொன்னது நாந்தான். அங்கருந்து அவருக்கு தமயந்தி தெரியமாட்டா. நான் பாத்து சொல்லணும். கயிறு விடச் சொன்னதும் நாந்தான். அவ கேக்கல."

"சைகைக்காரரு நீங்களா?"

"ஆமா."

அவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

"எங்க குவாரியில சைகைக்காரன் பீடி கூடப் பத்தவெக்க மாட்டான்" என்றார். குரல் உயரவே இல்லை. "ஈ வந்து கண்ணுல உக்காந்தாலும் ஓட்ட மாட்டான். அவனுக்கு வேற வேல கெடயாது. எம்மவளுக்கு அது தெரியும். தெரிஞ்சிதான் உங்களயே பாத்துக்கினு இருந்திருக்கறா."

காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க. அந்தப் புள்ள வேப்ப மரத்துக் கிட்ட தெனமும் வந்து நிக்கறான். நான் கல்ல எடுத்து அடிச்சிருக்கறன் அவன. போய்க் கூட்டிக்கினு வாங்க."

வாசல் தாண்டியபோது பின்னாலிருந்து சொன்னார். "அவன உள்ள அனுப்புங்க. நீங்க வரவேணாம்."

மரத்தடியில் சகாயம் இருந்தான். உள்ளே கூப்பிடுகிறார் என்றேன். நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். அவ கயிறு கேக்கல மாஸ்டர், நாந்தான் என்றேன். அவன் நடந்தான். பாதி தூரம் போனதும் ஓடினான்.

பிப்ரவரி 16, திங்கள்

ஸ்டேஷனில் புது வாக்குமூலம், நாலு பக்கம். மெமரி கார்டு, கேமரா, எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று எஸ்.ஐ. கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, பயம் சார் என்று திருத்தினேன். வழக்கில் என் பெயரையும் சேர்ப்பார்கள். சகாயம் பெயர் நீங்குமா என்று சொல்ல முடியாதாம்.

சுகந்தியிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கொசு இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பேனரை இன்னும் எடுக்கவில்லை. சங்கத்துக்குப் போன் செய்து, அது வெற்றி இல்லை, கயிற்றை இழுக்கச் சொல்கிறாள் என்று சொன்னேன்.

சாயங்காலம் சகாயம் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். படம் மாட்டியாயிற்று, ஆணி நான்தான் அடித்தேன், வாசலைப் பார்த்த மாதிரி மாட்டச் சொன்னார் என்று.

வாசலில் யார் வந்து நின்றாலும் அவள் நேராக அவர்களைப் பார்ப்பாள். நான் போய் நிற்கப்போவதில்லை.